கடிகாரக் கம்மியர் பிரெகே

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவார் பெரும்பாலும் அரசரையும் வீரரையும் புலவரையும் சமயத் தலைவரையுமே தேர்ந்துகொள்வர். அரமும் குறடும் கையிற் பிடித்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு சக்கரங்களோடு வாழ்நாளைக் கழித்த கம்மியர் ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி மாணவர்முன் வைப்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஒருவன் தன் பெயரை எப்பொருளின்மேல் எழுதலாம், எப்பொருளின்மேல் எழுதலாகாது என்னும் வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச்சென்றவர் அவர். அவ்வினா என் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுகிறேன்.

எம் ஊராகிய சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் காலத்தே தெருவோரக் கடைகளிற் கைக்கடிகாரங்கள் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பெருந்தொழிலகங்களின் பெயர்கள் அவற்றின் முகப்பில் மின்னும். விலையோ சில நூறு ரூபாயே. அப்பெயர் பொய் என்பதை விற்பவரும் அறிவர், வாங்குபவரும் அறிவர். ஆகலின் அங்கே ஏமாந்தார் ஒருவரும் இலர் என்று சிலர் கூறுவர். எம் பாட்டனாரின் கடிகாரமோ அவ்வகையது அன்று. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கி வந்து அன்போடு அளித்தது அது. ஓய்வுபெற்ற ஆசிரியராகிய பாட்டனார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை அணிந்து ஆலயத்துக்கும் பிறவிடங்களுக்கும் சென்று வந்தார். சென்ற ஆண்டு அது நின்றுபோகவே, கடைத்தெருவிற் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் பின்மூடியைத் திறந்து, உருப்பெருக்குக் கண்ணாடியைக் கண்ணிற் பொருத்தி நெடுநேரம் நோக்கினார். பின்னர், முகப்பில் உள்ள பெயர் ஒன்று, உள்ளே ஓடும் இயந்திரம் வேறொன்று, கூடு மூன்றாம் ஒருவருடையது, முகப்போ பிற்காலத்தில் வண்ணம் பூசி எழுதப்பட்டது என்று அமைதியாக எடுத்துக் காட்டினார். பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. அவர் செய்தது இன்னதென்பதை இக்கட்டுரையின் முடிவிற் கூறுவேன். அன்று தொடங்கிக் கடிகாரங்களில் மெய்யையும் போலியையும் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானேன். அப்படிப்பின் வழியே நான் கண்டறிந்த பெரியாரே ஆபிரகாம் லூயி பிரெகே என்பவர்.

இளமை

பிரெகே 1747-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் நெஷாத்தெல் என்னும் ஊரிற் பிறந்தார். இன்று சுவிட்சர்லாந்தின் பகுதியாக விளங்கும் அந்நகர் அந்நாளிற் பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர்தம் குடும்பத்தார் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். பதினொன்றாம் வயதில் தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். அவரை மணந்தவர் கடிகாரத் தொழிற் குடும்பத்தினர். இளைஞர் பிரெகே அத்தொழிலிற் புகுந்ததற்கு இதுவே காரணமாயிற்று.

1762-ஆம் ஆண்டில், பதினைந்து வயதினராய்ப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பெற்று, அரசரின் அரண்மனை அமைந்த வெர்சேல் நகரில் ஓர் ஆசானிடம் தொழில் பயிலலானார். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர் மாலையிற் பாரிசு நகரின் மசாரின் கல்லூரியிற் கணிதம் கற்றார். அங்கே ஆசிரியராக இருந்த மரி என்னும் கத்தோலிக்கக் குருவானவர் சமய வேறுபாடு கருதாது அவ்விளைஞரின் அறிவை மதித்து, அவருக்குப் பெரியோர் பலரின் அறிமுகத்தைத் தேடித் தந்தார். இடையிலே தாயும் மாற்றுத் தந்தையும் மறைந்தனர். இளைய தங்கையைக் காக்கும் கடமையும் அவர்மேல் விழுந்தது. கையின் திறத்தோடு கணக்கின் தெளிவும் சேர்ந்தாலன்றிக் கம்மியன் அறிஞன் ஆகான் என்பதை மாணவராகிய நாம் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

தொழிற்சிறப்பு

1775-ஆம் ஆண்டிற் பிரெகே திருமணம் செய்துகொண்டு, பாரிசு நகரிற் சேன் ஆற்றின் இடையே உள்ள தீவில், கடிகாரத்தின் பெயராலேயே வழங்கும் ஆற்றங்கரைத் தெருவிற் சொந்தத் தொழிலகம் ஒன்றை நிறுவினார். ஐந்து ஆண்டுகளே இல்லறம் நிகழ்ந்தது. 1780-இல் மனைவியார் காலமானார். எஞ்சிய ஒரே மகனை வளர்த்துக்கொண்டும், மறுமணம் செய்யாமலும், அவர் தொழிலிலேயே ஆழ்ந்தார்.

அவ்வாண்டிலேயே அவர் பெயர் ஓங்கத் தொடங்கியது. நாள்தோறும் சாவி கொடுக்காமல், அணிந்தவர் நடக்கும் அசைவினாலேயே ஓர் எடை ஆடி, வில்லினைத் தானே முறுக்கிக்கொள்ளும் கடிகாரத்தை அவர் நம்பத்தக்க முறையில் அமைத்தார். அத்தகைய கடிகாரத்தை முன்னரே சிலர் முயன்றிருந்தனர். எனினும் அதனை நாளும் பயன்கொள்ளுமாறு செம்மைப்படுத்திய பெருமை அவருக்கு உரியது. இருளில் மணியறிய உதவும் ஒலிக்கடிகாரங்களில் பருத்த மணிக்கு மாறாக வளைந்த எஃகுக் கம்பியைப் பொருத்திக் கூட்டை மெல்லியதாக்கினார். கீழே விழுந்தாலும் அச்சுமுனை ஒடியாதபடி காக்கும் ஓர் அமைப்பை 1790-ஆம் ஆண்டளவிற் கண்டார்.

அவர் கடிகாரங்களின் புறத்தோற்றமும் தனித்தன்மை வாய்ந்தது. அந்நாளைய கடிகாரங்கள் பூவும் கொடியும் மணியும் நிறைந்து நகைபோல் விளங்கின. பிரெகே அவ்வணிகளை நீக்கி, தெளிந்த எண்களும், நுனிக்கருகில் சிறு வளையம் பெற்ற மெல்லிய முட்களும், எந்திரத்தால் நுண்வரிகள் செதுக்கப்பெற்ற முகப்பும் வைத்தார். நேரம் அறிவதற்கு எவை வேண்டுமோ அவை மட்டுமே அங்கு உண்டு. அம்முட்கள் இன்றும் உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

புரட்சிக் காலம்

1789-இற் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அரசியும் பிரபுக்களும் பிரெகேயிடம் கடிகாரம் வாங்கியவர். புரட்சித் தலைவருள் ஒருவராகிய மராவோ, நெஷாத்தெல் நாட்டிற் பிறந்தவராதலின், அவருக்கு நண்பர். ஒருமுறை சினங்கொண்ட கூட்டம் ஒரு வீட்டைச் சூழ்ந்தபோது, பிரெகே மராவுக்கு முதியவளின் உடையை உடுத்தித் தம் கையைப் பற்றச் செய்து வெளியே அழைத்துச் சென்றார் என்றும், பின்னாளிற் பிரெகேயின் உயிருக்கு இடர் நேர்ந்தபோது மரா அந்நன்றியை மறவாது உதவினார் என்றும் கூறுவர். எவ்வாறாயினும், 1793-இற் பிரெகே பாரிசை விட்டு நீங்கித் தாயகம் அடைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அரசி மரி அந்துவானெத் கொலைக்களத்தில் மாண்டார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து 1795-இற் பாரிசுக்கு மீண்டபோது தொழிலகம் சீர்குலைந்து கிடந்தது. செல்வர் பலர் இறந்தனர். எஞ்சியோர் நாடு கடந்தனர். பிரெகே மனம் தளரவில்லை. ஒரே முள்ளினை உடைய எளிய கடிகாரம் ஒன்றை வகுத்து, விலையில் நாலில் ஒரு பங்கை முன்பணமாகப் பெற்றுச் செய்து தருவதாக அறிவித்தார். பிரபுக்கள் அல்லாதவரும் நல்ல கடிகாரம் பெற இது வழிசெய்தது. அவ்வகையில் ஏறத்தாழ 700 கடிகாரங்கள் விற்கப்பெற்றன.

போலிகளும் மறைகையெழுத்தும்

புகழ் பரவவே அதன் நிழல்போற் பொய்யும் தொடர்ந்தது. பிரெகேயின் பெயரை முகப்பில் எழுதிய போலிக் கடிகாரங்கள் ஐரோப்பியச் சந்தைகளிற் பெருகின. அவற்றுட் பல மலிந்த இயந்திரங்கள். சிலவற்றிற் பெயரின் எழுத்துக்களே பிழையாக இருந்தன. ஆயினும் தொலைநாட்டிலிருந்து வாங்குவார்க்கு மெய்யும் பொய்யும் வேறுபடுத்தி அறிதல் எளிதன்று. அப்போலி நின்றுபோனால் வாங்கியவன் பழிப்பது செய்தவனை அன்று, பிரெகேயை. ஒருவன் நாற்பது ஆண்டு உழைத்துத் தேடிய நம்பிக்கையை மற்றொருவன் ஒரு நாளில் எழுத்து எழுதிச் செலவழிப்பது களவினும் கொடிது அன்றோ!

இதனைத் தடுக்க அவர் 1795-ஆம் ஆண்டளவில் ஒரு சூழ்ச்சி கண்டார். பெரிதாக வரைந்த எழுத்தைப் பன்மடங்கு சிறிதாகப் படியெடுக்கும் பாண்டோகிராப் என்னும் கருவியின் துணையால், கூரிய ஊசிமுனைகொண்டு, தம் பெயரையும் அக்கடிகாரத்தின் எண்ணையும் முகப்பின்மேல் மிக நுண்ணிதாகக் கீறச் செய்தார். எனாமல் பூசிய முகப்பாயின் பன்னிரண்டாம் மணிக்குறியின் கீழும், வெள்ளி அல்லது பொன் முகப்பாயின் அக்குறியின் இருமருங்கும் அது அமைந்தது. நேரே நோக்குவார்க்கு அவ்விடம் வெறுமையாகவே தோன்றும். முகப்பைச் சாய்த்து ஒளி பக்கவாட்டில் விழுமாறு பிடித்தால், நீர்மேற் கோடுபோல் அவ்வெழுத்துக்கள் எழுந்து நிற்கும். போலி செய்வோன் அதனைக் காணத் தவறுவான். கண்டாலும் அக்கருவியின்றி வெறுங்கையால் அதனைக் கீறல் அரிது. இதனையே அறிஞர் மறைகையெழுத்து என்று வழங்குவர்.

அவ்வெழுத்தினும் வலியது மற்றொரு காப்பு. தொழிலகத்திலிருந்து வெளிச்சென்ற ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணும், கடிகாரத்தின் இயல்பும், விற்ற நாளும், வாங்கியவர் பெயரும், விலையும் ஏட்டிற் பதியப்பெற்றன. அவ்வேடுகள் இன்றும் போற்றப்பட்டு வருகின்றன. ஒரு கடிகாரம் பிரெகேயினுடையதுதானா என்று ஆராய்வோர், முகப்பில் உள்ள எண், கூட்டில் உள்ள எண், இயந்திரத்தில் உள்ள எண் ஆகிய மூன்றும் தம்முள் ஒக்கின்றனவா என்று முதலிற் காண்பர். பின் ஏட்டோடு ஒப்பிடுவர். அதன்பின் உறுப்புக்களின் வேலைப்பாட்டை நோக்குவர். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பார். பழைய ஓலைச்சுவடியின் பாடத்தைப் பல சுவடிகளோடு ஒப்புநோக்கித் துணியும் பதிப்பாசிரியரின் முறையே இதுவும் எனலாம்.

இன்றைய கைக்கடிகாரங்களை ஆராய்வோரும் இதே நெறியிற் செல்கின்றனர். போலி இன்று இரு வகைப்படும். முழுவதையும் புதிதாகச் செய்து பிறர் பெயரை இடுவது ஒன்று. மெய்யான பழைய உறுப்புக்கள் சிலவற்றோடு வேறு உறுப்புக்களைக் கூட்டி ஒன்றாக்கிப் பழம்பொருள் என்று விற்பது மற்றொன்று. பின்னையதே கண்டறிதற்கு அரியது. ஏனெனின் அதில் ஒரு பகுதி மெய்யாகவே இருக்கும். நம் நாட்டிலும் இது நிகழ்கின்றது. 1961-இற் சப்பானிய நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரிற் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதென 2016-இல் நடுவண் அரசு முடிவு செய்தது. அதன் பழைய கடிகாரங்களை விரும்பித் தேடுவோர் பலராயினர். உடனே, முகப்புக்குப் புது வண்ணம் தீட்டி, பல கடிகாரங்களின் உறுப்புக்களைச் சேர்த்து அமைத்தவையும் சந்தைக்கு வந்தன. எழுத்தின் தடிப்பு, குறிகளின் இடைவெளி, இயந்திரத்தின் வகை, கூட்டின் பின்புறத்து எண் ஆகியவற்றை ஒப்பிட்டே அவற்றைப் பிரித்தறிய வேண்டியுள்ளது.

பிறர் பெயரைப் போற்றியமை

தம் பெயரைக் காத்தவர் பிறர் பெயரை எவ்வாறு நடத்தினார் என்பதே அவர் நேர்மைக்கு உரைகல். கடிகாரம் ஒரு கையால் முடிவதன்று. நேப்பிள்சு நாட்டு அரசியும் நெப்போலியனின் தங்கையுமாகிய கரோலின் மூரா 1810-ஆம் ஆண்டு சூன் மாதத்திற் கையில் அணியத்தக்க கடிகாரம் ஒன்று வேண்டும் எனக் கேட்டார். 2639 என்னும் எண்பெற்ற அது 1812-இல் நிறைவுற்றது. நீள்வட்ட வடிவினதாய், மணியொலிப்பதாய், கூந்தலும் பொன்னிழையும் கலந்து முறுக்கிய பட்டை உடையதாய் இருந்தது. கைக்கடிகாரம் என்றே எண்ணி வகுக்கப்பெற்றவற்றுள் அதுவே முதலது எனப் பலர் கருதுவர். அதனை முடிக்கப் பதினேழு பேர் உழைத்தனர் என்று பிரெகே தொழிலகத்தார் கூறுகின்றனர். அக்கடிகாரம் இன்று எங்குள்ளது என ஒருவரும் அறியார். ஆயினும் யாரேனும் நாளை வேறொன்றைக் காட்டி அதுவே இது என்பாராயின், அவ்வேடு எழுந்து சான்று பகரும்.

பல கையும் கூடிச் செய்ததற்கு ஒருவர் பெயரை இடுவது முறையோ எனின், அப்பெயர் செய்த கையைக் குறிப்பதன்று, பொறுப்பேற்ற நெஞ்சைக் குறிப்பது என்பதே விடை. பிழை நேர்ந்தால் யாரிடம் திரும்பிச் செல்லலாமோ அவர் பெயரே முகப்பில் இருத்தற்குரியது.

இதனினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. பிரெகேயின் கண்டுபிடிப்புக்களுள் தலையாயது தூர்பியோன் எனப்படும். கடிகாரம் சட்டைப்பையில் நிமிர்ந்தே இருக்கும்போது, புவியீர்ப்பு சமநிலைச் சக்கரத்தை ஒருபுறமாக இழுப்பதால் நேரம் பிழைபடும். அச்சக்கரத்தையும் அதனோடு சேர்ந்த உறுப்புக்களையும் ஒரு சிறு கூட்டில் அடக்கி, அக்கூடே இடையறாது சுழலுமாறு செய்தால், ஒருபுறத்துப் பிழையை மறுபுறத்துப் பிழை ஈடுசெய்யும். 1801-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் இதற்குரிய தனியுரிமையைப் பிரெஞ்சு அரசிடம் பெற்றார். இலண்டன் மாநகரின் சான் ஆர்னல்டு என்னும் கடிகார வல்லுநர் அவருக்கு உயிர்நண்பர். ஒருவர் மகனை மற்றவர் ஏற்றுத் தொழில் பயிற்றும் அளவுக்கு அந்நட்பு ஓங்கியது. இரு நாடுகளும் போரில் மோதிய காலம் அது என்பதை நினைத்தல் வேண்டும். 1799-இல் ஆர்னல்டு இறந்தார். பிரெகே நண்பர் செய்திருந்த பழைய கடிகாரம் ஒன்றை எடுத்து, தாம் கண்ட தூர்பியோனை அதனுள்ளே பொருத்தி, 1808-இல் நண்பரின் மகனுக்கு அளித்தார். அதன்மேல், ஆர்னல்டின் பணி இது, தம் பணி இது என்பதையும், நண்பரின் நினைவுக்குச் செய்யும் வணக்கமே இது என்பதையும் பொறித்து வைத்தார். அக்கடிகாரம் இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அன்பர்களே! அதுவும் இருவர் உறுப்புக்களைக் கூட்டி அமைத்த கடிகாரமே. ஆயினும் அதனைப் போலி என்பார் உளரோ? உறுப்புக்களைக் கூட்டியமை பிழையன்று. கூட்டியதை மறைத்தலே பிழை. தான் செய்ததை மட்டும் தனதென்று கூறிப் பிறன் செய்ததைப் பிறனது என்று எழுதுபவன் எத்தனை கடிகாரங்களை வேண்டுமாயினும் பிரித்துக் கூட்டலாம்.

முதுமையும் மறைவும்

முதுமையிற் பெருமைகள் பல அவரைத் தேடி வந்தன. 1815-இற் பிரெஞ்சுக் கடற்படைக்குக் கடிகாரம் செய்யும் உரிமையும், 1816-இல் அறிவியற் கழக உறுப்பினர் பதவியும் பெற்றார். நெப்போலியன் எகிப்துப் படையெடுப்புக்கு முன், 1798-இல், அவரிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினான். உருசியக் கவிஞர் புஷ்கின் தம் காவியத்தில் உணவு நேரம் அறிவிக்கும் பிரெகே கடிகாரத்தைக் குறிப்பிடும் அளவுக்கு அப்பெயர் நாடு கடந்து பரவியது. 1823-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், எழுபத்தாறு வயதிற் பிரெகே காலமானார்.

அவர் முடிக்காது விட்ட பணி ஒன்று இருந்தது. 1783-இல் அரசி மரி அந்துவானெத்துக்கென, அந்நாள் அறிந்த நுட்பங்கள் யாவும் அடங்க ஒரு கடிகாரம் செய்யுமாறு கேட்கப்பட்டது. எண் 160 உடைய அது, கேட்கப்பெற்ற அரசி மறைந்து முப்பத்துநான்கு ஆண்டுகளும், பிரெகே மறைந்து நான்கு ஆண்டுகளும் கழிந்தபின், 1827-இல் நிறைவெய்தியது. கேட்டவரும் இலர், ஏற்றவரும் இலர். கொடுத்த சொல் மட்டும் எஞ்சி நின்று அப்பணியை முடித்தது. பிற்காலத்தில் எருசலேம் நகர அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த அக்கடிகாரம் 1983-இற் களவாடப்பெற்றது. அது கிடைக்காத காலத்தில், பிரெகேயின் பெயர் தாங்கிய நிறுவனத்தார் பழைய வரைபடங்களையும் ஏடுகளையும் துணைக்கொண்டு அதன் படி ஒன்றைச் செய்யத் தொடங்கினர். 2007-இல் மெய்க்கடிகாரம் மீட்கப்பட்ட செய்தி வெளிவந்தது. 2008-இற் படியும் வெளியிடப்பெற்றது. அப்படிக்கு அவர்கள் இட்ட எண் 160 அன்று, 1160. அப்பெயருக்கே உரியவர் செய்த படியும் மூலத்தின் எண்ணைச் சூடிக்கொள்ளத் துணியவில்லை. படியெடுத்தல் குற்றமன்று, மூலமாக நடித்தலே குற்றம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

கள்ளத் தராசையும் கள்ள எடைக்கல்லையும் நம் திருமறை வன்மையாகக் கண்டிக்கின்றது. தராசு பொருளை அளப்பது; கடிகாரம் நம் வாழ்நாளையே அளப்பது. அதன் முகத்திற் பொய்யை எழுதுதல் தகுமோ? தேர்வுத்தாளிற் பிறன் விடையைத் தன் பெயரால் எழுதும் மாணவனும், பிறர் ஆராய்ச்சியைத் தமதென வெளியிடும் புலவரும் இவ்வினாவுக்கு விடை சொல்லக் கடப்பாடுடையர். எழுதுகோல் பிடித்த எனக்கும் அது பொருந்தும்.

எம் பாட்டனாரின் கடிகாரத்துக்கு என் நேர்ந்தது எனக் கூறுவேன். பழுதுபார்க்கும் முதியவர், உள்ளிருக்கும் இயந்திரம் நல்ல உழைப்பாளி என்றும், எண்ணெய் இட்டுத் துடைத்தால் இன்னும் பல ஆண்டு ஓடும் என்றும் சொன்னார். பாட்டனார் சற்றுநேரம் நினைந்திருந்து, இயந்திரத்தைச் சீர்செய்து, முகப்பில் உள்ள பெயரை மட்டும் அழித்துத் தருமாறு கேட்டுக்கொண்டார். பெயரை அழித்தால் விற்கும்போது விலை கிடையாதே என்று முதியவர் தயங்கினார். விற்கும் எண்ணம் இல்லை, உறவினரின் அன்பு பொய்யன்று, பெயர் ஒன்றே பொய் என்று பாட்டனார் விடை பகர்ந்தார். பெயரற்ற அக்கடிகாரம் இன்றும் அவர் கையிற் பிழையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றது. ஞாயிறுதோறும் ஆலயமணி அடிக்கும்முன் அவர் அதனையே நோக்குகின்றார்.